ஒரு தச்சுப் பாடம், மூன்று கேமரா, ஒரே ஒளிப்பதிவாளர்

மரவேலை கற்றுத்தரும் காணொளித் தொடர் ஒன்றைக் குறைந்த செலவில் எடுத்த விதத்தை இங்கே எழுதுகிறேன். பாடம் நடத்துபவர் ஒரு தச்சர். கேமரா, விளக்கு, ஒலி, அப்புறம் படத்தொகுப்பு எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். கையில் இருந்தவை 1080பி வரை மட்டுமே பதிவு செய்யும் பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்று, 4கே எடுக்கக்கூடிய இரண்டு ஃபோன்கள், காலர் மைக் செருகிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. குழாய், கிளாம்ப், மணல் மூட்டை மாதிரியான சில்லறைச் சாமான்களைத் தவிர வேறு எதையும் புதிதாக வாங்குவதில்லை என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது.

ஒரே கேமராவில் எடுத்திருக்க முடியாதா? பாதிப் பாடத்தை முடியும், அப்படித்தான் எடுத்தோம். முதலில் முழுக் காட்சி, பிறகு நெருக்கக் காட்சிக்காக அதையே இன்னொரு முறை செய்யச் சொல்வது பழகிய வழி. பேச்சுக்கு அது சரிப்படும், உளி இறங்கிய மரத்துக்குச் சரிப்படாது. துளையும் நாக்குமாகப் பொருந்தும் மூட்டில், நாக்கு முதல்முறை துளைக்குள் இறுகி இறங்குவது ஒரே ஒரு தடவைதான். கழற்றி மறுபடி மாட்டினால் இறுக்கம் குறைந்துவிடும், பார்ப்பவருக்கும் அது தெரிந்துவிடும். வேறு கட்டையில் செய்து காட்டலாம் என்றால் ரேகை மாறிப்போகும். முழுக் காட்சியில் கணு இருந்த இடம் நெருக்கக் காட்சியில் வெறுமையாக இருக்கும்.

அதனால் திரும்பச் செய்ய முடியாத வேலைக்கு மட்டும் மூன்று கேமரா என்று வைத்துக்கொண்டோம். கருவிகளை அறிமுகப்படுத்துவது, அளவு குறிப்பது, கூர் தீட்டுவதைப் பற்றிய விளக்கம் எல்லாம் ஒரே கேமராவில். இந்தத் தொடரில் நாங்கள் செய்த பெரிய சிக்கனம் இதுதான். ஒரு மணி நேர வேலையை மூன்று கேமராவில் எடுத்தால், பார்க்கவும் நகலெடுக்கவும் நிறம் சேர்க்கவும் மூன்று மணி நேரப் பதிவு வந்து நிற்கும். ஐபோனை எடுத்துக்கொண்டால், 4கே அளவில் நொடிக்கு 30 பிரேம் வீதம், எச்.இ.வி.சி. என்ற சுருக்கிச் சேமிக்கும் முறையில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். மணிக்கு 10 ஜிபிக்கு மேல், அதுவும் ஒரு ஃபோனுக்கு மட்டும். கேமரா வாங்கும் செலவை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கேமரா கூடக் கூட மேசையில் உட்காரும் நேரம் கூடுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டகம்

பட்டறை மேசையின் ஓரத்தில் கிளாம்ப் போட்டு, குழாயை நிமிர்த்தி, அதன் தலையில் ஃபோனை மாட்டுவதுதான் எளிது. சோதனைப் பதிவிலேயே அது ஆகாது என்று தெரிந்தது. கொட்டாப்புளி உளியின் தலையில் விழும் ஒவ்வொரு முறையும் மேசை அதிர்கிறது, குழாய் அதைப் பெருக்கிக் கேமராவுக்கு அனுப்புகிறது. ஃபோனின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், வெறும் ஆட்டமாக இல்லாமல் கட்டையே ரப்பர் மாதிரி நெளிவதாகப் பதிவாகும். மென்பொருளில் இதைச் சரிசெய்யப் போனால் பாதிதான் சரியாகும். கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா என்று தச்சரைக் கேட்டேன். "கேமராவுக்காக அடிச்சா மரம் வெட்டுப்படாது தம்பி" என்றார்.

எனவே சட்டகம் மேசையைத் தொடவே கூடாது. மேசைக்கு இரண்டு பக்கமும் தரையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு விளக்கு ஸ்டாண்ட், அவற்றை இணைத்து மேலே ஒரு குறுக்குக் குழாய், ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை. கான்கிரீட் தரைக்கு இதுவே போதும். பலகைத் தரையாக இருந்தால் ஸ்டாண்டின் அடியில் தடித்த ரப்பர் பாய் வேண்டும். ஃபோனைப் பிடிக்கும் ஹோல்டர் ஸ்பிரிங் வகையாக இருந்தால் அதிர்வில் மெல்ல மெல்ல விரிந்துவிடும், திருகி இறுக்கும் வகை நல்லது. குழாயிலிருந்து ஃபோனுக்கு ஒரு கம்பிக் கயிற்றைத் தனியாகக் கட்டிவிட்டோம். குனிந்து வேலை செய்பவரின் பிடரிக்கு நேர் மேலே ஒரு கண்ணாடிப் பலகை தொங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மேலிருந்து பார்க்கும் ஃபோன் மேசைப் பரப்பிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில். ஃபோனின் முதன்மை லென்ஸ், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 26 மி.மீ. லென்ஸுக்கு இணையானது என்றால், அந்த உயரத்திலிருந்து 1.4 மீட்டர் அகலம் தெரியும். காணொளியில் ஓரம் சற்று வெட்டுப்படும். எங்கள் இறுதிக் காணொளி 1080பி. 4கே படம் அகலத்திலும் உயரத்திலும் அதைப்போல் இரண்டு மடங்கு என்பதால், நடுவிலிருந்து பாதி அகலத்தை வெட்டியெடுத்தாலும் தெளிவு குறையாது. மேசை முழுவதும் தெரியும் காட்சி ஒன்று, உளி முனையும் விரல்களும் மட்டும் தெரியும் காட்சி ஒன்று என்று அந்த ஒரே ஃபோன் இரண்டு கேமராவின் வேலையைச் செய்தது. குறைந்த செலவில் எடுப்பவர்கள் நான்காவது கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன் இருக்கும் கேமராவில் ஒன்றை 4கேக்கு மாற்றிப் பார்க்கலாம்.

நேர் கீழே பார்க்கும் ஃபோனில் இன்னொரு தொந்தரவு உண்டு. தான் நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்பதை ஃபோன் புவியீர்ப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. முகம் தரையைப் பார்த்தால் அதற்குக் குழப்பம். ஒரு பதிவு கிடைமட்டமாகவும் அடுத்தது செங்குத்தாகவும் சேமிக்கப்படும். பதிவு செயலியிலேயே திசையைப் பூட்டிவிட்டுத்தான் மேலே மாட்ட வேண்டும்.

கூடவே தலை. தச்சர் கோட்டைப் பார்க்கக் குனிந்ததும் படத்தின் பாதியை அவர் முடி அடைத்துக்கொள்ளும். குனியாதீர்கள் என்று சொல்லவும் முடியாது. குறுக்குக் குழாயை அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, ஃபோனை அவர் பக்கம் லேசாகச் சாய்த்தோம். கட்டையின் விளிம்புகள் கொஞ்சம் கோணலாகத் தெரியும், அதை யாரும் கவனிப்பதில்லை. அளவு சரியாகத் தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் தொகுப்பில் கோணலை நிமிர்த்தினேன்.

யார் எந்தப் பக்கம்

தச்சர் வலக்கைக்காரர். கொட்டாப்புளி வலது கையில், உளி இடது கையில். வலப்பக்கம் கேமரா வைத்தால் அடிக்கும் கை உளியை மறைத்துவிடும், ஆக இரண்டாவது ஃபோன் அவருடைய இடப்பக்கம், மேசை மட்டத்தில். மிரர்லெஸ் கேமரா முன்னால், சற்று இடப்பக்கமாகவே, முகமும் கையும் சேர்ந்து தெரியும் அளவில். அவரையும் கட்டையையும் இணைத்து ஒரு கோடு போட்டால் இரண்டு கேமராவும் கோட்டின் ஒரே பக்கம் இருக்கும். இல்லையென்றால் ஒரு காட்சியில் இடமிருந்து வலம் போகும் ரம்பம் அடுத்த காட்சியில் வலமிருந்து இடம் போகும்.

மேலிருந்து பார்க்கும் காட்சியிலும் இந்தத் தலைகீழ் வரும். கற்றுக்கொள்பவர் தச்சரின் இடத்தில் தான் நிற்பதாக நினைத்துப் பார்க்க வேண்டும், அதனால் கைகள் படத்தின் கீழ் விளிம்பிலிருந்து வர வேண்டும். குழாயில் ஃபோன் மாட்டிய திசை எதிராக இருந்தால் தொகுப்பில் 180 டிகிரி திருப்பிக்கொள்ளலாம். கண்ணாடிப் பிம்பமாக மட்டும் புரட்டவே கூடாது. புரட்டினால் தச்சர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார், அளவுகோலின் எண்களும் இடவலம் மாறிவிடும்.

ஒரே கம்பியில் இரண்டு மூன்று கேமராக்களை வரிசையாக மாட்டும் சட்டங்களும் இருக்கின்றன. பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டும்போது கோணம் 30 டிகிரியாவது மாறாவிட்டால், அல்லது காட்சியின் அளவு வெகுவாக மாறாவிட்டால், படம் தவறி எகிறியதாகத்தான் கண்ணுக்குப் படும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கேமராவில் ஒன்றை மிக அகலமாகவும் மற்றதை மிக நெருக்கமாகவும் வைத்தால் ஒழிய அந்தச் சட்டம் வெட்டுக்கு உதவாது.

விளக்கு

மரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால் ஒளி பக்கத்திலிருந்து பரப்பைத் தடவிக்கொண்டு வர வேண்டும். ஒரு கேமராவுக்குப் பக்க ஒளியாக இருப்பது இன்னொரு கேமராவுக்குப் பின்னொளி. பல கேமரா வைக்கிற எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1951இல் 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரை மூன்று ஃபிலிம் கேமராக்களில் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் மேடை முழுவதற்கும் மேலிருந்து சீரான ஒளியைப் பரப்பி இதைச் சமாளித்தார். நகைச்சுவைக்கு அது பொருந்தும். மரத்துக்கு அந்தத் தட்டை ஒளி ஆகாது, செதுக்கிய பள்ளமே தெரியாமல் போய்விடும்.

மேலிருந்து பார்க்கும் கேமராவுக்காக ஒளியை அமைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதற்கு ஒத்துப்போகச் செய்தேன். வலப்புறம் பின்னால், மேசைக்குச் சற்று மேலாக முதன்மை எல்.இ.டி. விளக்கு. முன்னால் இடப்புறம் ஒரு பெரிய வெள்ளை அட்டை, முகத்து நிழலை நிரப்ப. அவ்வளவுதான். ஜன்னலை அடைத்துவிட்டோம். மேகம் கடக்கும்போதெல்லாம் மூன்று கேமராவும் மூன்று விதமாக மாறுவதைத் தொகுப்பில் துரத்திப் பிடிக்க முடியாது. மலிவான எல்.இ.டி. விளக்கை மங்கலாக்கினால் சில சமயம் படத்தில் பட்டை ஓடும். மங்கலாக்காமல் விளக்கையே தள்ளி வைத்தோம். விளக்கின் துடிப்பால் பட்டை வராமல் இருக்க, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. மூன்று கேமராவிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

நேரம் பொருந்துவது

ஃபோனோடு வரும் கேமரா செயலி பெரும்பாலும் பிரேம் வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. நொடிக்கு 30 என்று திரையில் காட்டிக்கொண்டே, வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஏற்றி இறக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது, மூன்றையும் ஒரே காலக்கோட்டில் வைத்தால் உதடும் பேச்சும் பிரிந்து நிற்கும். இதற்காகவே தனிச் செயலியில் பதிவு செய்தோம். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி 2023இல் ஐபோனுக்கும் 2024இல் சில ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கும் வந்தது. பிரேம் வேகம், ஷட்டர், வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு), எந்த லென்ஸ் என்பது எல்லாவற்றையும் அதில் பூட்டலாம். லென்ஸைப் பூட்டுவது பக்கவாட்டு ஃபோனுக்கு ரொம்ப முக்கியம். கை அருகே வந்ததும் ஃபோன் தானாகவே அகல லென்ஸுக்குத் தாவிவிட்டால், உளி இறங்கும் நொடியில் படம் குதிக்கும்.

மூன்றையும் நொடிக்கு 25 பிரேமில் வைத்தோம். 30 என்று வைத்திருந்தால் இன்னொரு சங்கடம் வந்திருக்கும். பல கேமராக்களின் 30 என்பது உண்மையில் 29.97, சில ஃபோன்களில் அது சரியாக 30. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் தொகுப்பு மென்பொருள் வேகத்தை மாற்றிப் பொருத்தினால் ஒரு மணி நேர முடிவில் 3.6 நொடி விலகி நிற்கும். வேகத்தை மாற்றாமல் பிரேமைச் சேர்த்தும் விட்டும் பொருத்தினால் விலகல் இல்லை, ஆனால் சுமார் 33 நொடிக்கு ஒருமுறை படம் ஒரு கணம் தட்டும்.

சரி, எண்களெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் விலகல் முற்றிலும் போய்விடாது. ஒவ்வொரு கருவியும் தன்னுள் இருக்கும் படிகத்தின் துடிப்பை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது. இரண்டு கருவிகளின் துடிப்பு பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசப்பட்டால்கூட மணிக்கு 72 மில்லிநொடி. நொடிக்கு 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி, ஆக இரண்டு பிரேமுக்குச் சற்றுக் குறைவு. பேச்சில் இரண்டு பிரேமைப் பலர் பொறுத்துக்கொள்வார்கள். கொட்டாப்புளி அடியில் அது உறுத்தும். அடி விழுந்த பிறகு சத்தம் கேட்டால் ஏதோ தூரத்தில் நடக்கும் வேலை மாதிரி இருக்கும். தொழில்முறைப் படப்பிடிப்பில் எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தைக் கொடுக்கும் டைம்கோட் பெட்டிகளை மாட்டி இதைத் தீர்ப்பார்கள். எங்களிடம் அது இல்லை.

தீர்வு பாதி பழைய கேமராவிடமிருந்தே கிடைத்தது. அது 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்க வரி போட்டதால், பல நிறுவனங்கள் தங்கள் ஸ்டில் கேமராக்களில் வைத்த வரம்பு அது. எப்படியும் நிற்கப்போகிறது என்பதால், வேலையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மூன்றையும் ஒலிப்பதிவையும் சேர்த்து நிறுத்தி, மறுபடி தொடங்கி, எல்லாப் பதிவையும் பின்னால் பொருத்த அடையாளமாகப் புதிதாகக் கைதட்டினோம். துளை குடைவது ஒரு பதிவு, நாக்கு அறுப்பது ஒரு பதிவு, பொருத்துவது ஒரு பதிவு. எதுவும் அரை மணியைத் தாண்டாததால் விலகல் ஒரு பிரேம் அளவுக்குள்ளேயே நின்றது. தொடக்கத்தில் தட்டியது போலவே முடிவிலும் ஒருமுறை தட்டினால் எவ்வளவு விலகியது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கைதட்டல் எதற்கு, கொட்டாப்புளி அடியே போதுமே என்று தோன்றலாம். தோன்றியது. மூன்று கேமராவின் ஒலியையும் ஒப்பிட்டு மென்பொருள் தானாகப் பொருத்தும் வசதி டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே உண்டு. ஆனால் தச்சர் அடிப்பது தாளம் பிசகாத அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி ஒன்றுபோலவே இருப்பதால், பக்கவாட்டு ஃபோனின் பதிவு ஒன்று சரியாக ஓர் அடி தள்ளிப் போய்ப் பொருந்திக்கொண்டது. மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தெரியும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் இருக்கிறதே! உளியை எடுத்துக் கீழே வைக்கும் இடத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. அதன்பின் பதிவின் தொடக்கத்தில் சீரற்ற இடைவெளியில் மூன்று கைதட்டல், அதுவும் மூன்று கேமராவின் கண்ணிலும் படும்படி.

பெரிய அரங்கில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். 14 மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவின் மைக்குக்குக் கைதட்டல் ஒரு பிரேம் தாமதமாகவே போய்ச் சேரும். அங்கே ஒலியை விட்டுவிட்டு, கைகள் சேரும் பிரேமைக் கண்ணால் பார்த்துப் பொருத்துவது மேல். எங்கள் மேசைக்கு அந்தக் கவலை இல்லை.

ஒலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலர் மைக்கின் பதிவுதான் இறுதி ஒலி, கேமராக்களின் ஒலி பொருத்துவதற்கு மட்டும். அடியின் உச்சத்தில் ஒலி கிழியாமல் இருக்க, கருவியில் இருந்த இரட்டைப் பதிவு வசதியில் இரண்டாவது தடத்தைத் தாழ்த்தி வைத்தோம்.

சூடும் மின்சாரமும்

சார்ஜ் ஏற்றிக்கொண்டே 4கே பதிவு செய்யும் ஃபோன் சூடாகும், விளக்குக்கு அருகில் இருந்தால் சீக்கிரம் சூடாகும். உறையைக் கழற்றினோம், திரையின் வெளிச்சத்தைக் குறைத்தோம், விமானப் பயன்முறையில் போட்டோம். அழைப்பு வந்தால் சில ஃபோன்களில் பதிவே நின்றுவிடும் என்பதாலும் இந்தக் கடைசி வேலை அவசியம். கட்டங்களுக்கு நடுவே பதிவை நிறுத்தியதில் ஃபோன்களுக்கும் ஆற நேரம் கிடைத்தது. மிரர்லெஸ் கேமராவில் தானாக அணையும் நேரத்தையும் அணைத்து வைக்க வேண்டும்.

ஒரே ஆள் என்பதால், மேலிருந்த ஃபோனையும் மிரர்லெஸ் கேமராவையும் ஒருமுறை வைத்ததும் தொடுவதில்லை. என் கண் பக்கவாட்டு ஃபோனின் ஃபோகஸில் மட்டும்தான். உளி நகர நகர அதைக் கையால் சரிசெய்தேன். மூன்றையும் ஒரே ஆள் கவனிக்கப் பார்த்தால் மூன்றிலும் ஒன்றும் உருப்படியாக வராது.

தொகுப்பும் நிறமும்

எச்.இ.வி.சி. கோப்புகள் இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் விரித்துக் காட்டக் கணினிக்கு நிறைய வேலை வைக்கும். மூன்றை ஒரே நேரத்தில் ஓட்டினால் சாதாரணக் கணினி திணறும். அதனால் முதல் வேலையாக எல்லாவற்றுக்கும் 720பி அளவில் எடைகுறைந்த நகல்கள். பிறகு மல்ட்டிகேம் காட்சியில் மூன்று கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எண் விசைகளை அழுத்தி ஒருமுறை நேரடியாகவே வெட்டிவிட்டு, இரண்டாவது சுற்றில் வெட்டும் இடங்களை நகர்த்தினேன். வெட்டுக்கு நல்ல இடம் அடி விழும் பிரேமேதான். சத்தம் வெட்டை மறைத்துவிடும்.

நிறத்தில்தான் நேரம் போனது. ஃபோன் நிழலைத் தூக்கி, விளிம்பைக் கூராக்கி, தானாக ஒரு மெருகு போட்டுத் தருகிறது. பழைய கேமரா அப்படியெல்லாம் செய்வதில்லை. ஒரே தேக்குக் கட்டை ஒன்றில் ஆரஞ்சாகவும் மற்றதில் பழுப்பாகவும் தெரிந்தது. ஃபோனில் எச்.டி.ஆர். பதிவை (வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதலாக விரித்துக் காட்டும் முறை) அணைத்து, மூன்றிலும் வெண்சமநிலையை 5600 கெல்வினில் பூட்டியிருந்ததால் வேறுபாடு ஓரளவுக்குள் நின்றது. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் சாம்பல் அட்டையையும் அன்றைக்கு வேலை செய்யும் கட்டையின் ஒரு துண்டையும் சேர்த்து மூன்று கேமராவுக்கும் காட்டினோம். சாம்பல் அட்டையில் மூன்றும் ஒத்துப்போன பிறகும் கட்டையின் நிறம் விலகி நிற்கும். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் ஆரஞ்சை மட்டும் தனியாக இழுத்துச் சரிசெய்ய முடிந்தது. சிறந்த கேமராவின் நிறத்துக்கு மற்றவற்றை ஏற்ற முயல்வதைவிட, மெருகு கூடிய ஃபோன் படத்தை இறக்கிப் பழைய கேமராவுக்குச் சமமாக்குவது சீக்கிரம் முடிந்தது.

முடிந்த பாடங்களில் எந்தக் கோணம் எவ்வளவு நேரம் வந்திருக்கிறது என்று காலக்கோட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மேலிருந்து பார்க்கும் ஃபோன்தான் பெரும்பகுதி, அதிலும் வெட்டியெடுத்த நெருக்கக் காட்சியே அதிகம். தச்சர் நிமிர்ந்து பேசும் இடங்களில் மிரர்லெஸ். இவ்வளவு கவனித்துப் பிடித்த பக்கவாட்டுக் கோணம் துளையின் ஆழத்தைக் காட்டும் சில இடங்களிலும், நாக்கு துளைக்குள் இறங்கும் இடத்திலும் மட்டும் வருகிறது. அந்தச் சில இடங்களை வேறு எந்தக் கோணமும் தராது என்பதும் உண்மை. அதனால் அடுத்த தொகுதிப் பாடங்களில் அதை எடுத்துவிடவில்லை. ஆழம் காட்டும்போதும் பொருத்தும்போதும் மட்டும் ஓடவிடுகிறோம், மற்ற நேரமெல்லாம் அது மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.